குருநாகலும் மில்தோர்ப்பும்: ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் வீட்டில் அருணாசலம் என்பது மரியாதையோடு மட்டுமே உச்சரிக்கப்பட்ட பெயர். அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பரான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அவர் ஜோர்ஜ் மெரில் என்ற ஆணோடு முப்பது வருடம் ஒரே வீட்டில் துணைவராக வாழ்ந்தவர் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி அந்த இடத்தில் தேவைதானா? ஒரு வெள்ளைக்காரர் 1890இல் கடல் கடந்து வந்து ஒரு தமிழ் ஞானியின் முன் அமர்ந்து பாடம் கேட்டார் என்பது எவ்வளவு பெரிய விடயம். அதைச் சொல்லும்போது அவருடைய படுக்கையறையை எட்டிப் பார்க்க வேண்டுமா?

இதை என் பேரனிடம் கதைத்தபோது அவன் மறுபக்கத்திலிருந்து சண்டைக்கு வந்தான். கார்ப்பெண்டரிடம் முக்கியமானதே அந்த ஒரு வரிதானாம். ஞானி கதையெல்லாம் கிழக்கைப் பார்த்து வெள்ளையர் கொண்ட மயக்கமாம். அருணாசலம் நினைவு நிகழ்வொன்றில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கார்ப்பெண்டரைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல எண்ணம். எதைச் சொல்வது, எதை விடுவது?

அன்புடன்,
ச., யாழ்ப்பாணம்

அன்பிற்குரிய ச. ஐயா அவர்களுக்கு,

அந்த வரி தேவைதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கும் பேரனுக்கும் இடையே நடக்கும் வழக்கு என்னை உள்ளே இழுத்துவிட்டது.

ஒருவர் மறைத்து வைத்த அந்தரங்கத்தை அவர் இறந்தபின் தோண்டி எடுத்துக் கடைவிரிப்பது எனக்கும் பிடிக்காது. கார்ப்பெண்டர் விஷயத்தில் நாம் அதைச் செய்யவில்லை. ஆணை நேசிக்கும் ஆண்களையும் பெண்ணை நேசிக்கும் பெண்களையும் பற்றி 1908இல் தனி நூலே வெளியிட்டவர் அவர். 1916இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மெரில் தன் வீட்டுக்கு எப்படி வந்தார், நண்பர்கள் எப்படித் தடுத்தார்கள், இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உடலுறவைப் பற்றி அதில் பேச்சில்லை. அதைத் தவிர, தங்கள் வாழ்க்கை இன்னது என்பதை அவர் ஒளிக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே அச்சேற்றியதை நாம் எதற்கு மறைத்துக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கதையை 1890க்குச் சற்று முன்பிருந்து பார்க்க வேண்டும். 1844இல் பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் கார்ப்பெண்டர். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹாலில் ஃபெலோவாக இருந்தார், ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டமும் பெற்றார். 1874இல் இரண்டையும் உதறிவிட்டு வடக்கே தொழில் நகரங்களுக்குப் போனார், மாலை வகுப்புகளில் சொற்பொழிவு செய்ய. 1882இல் தந்தை இறந்து ஏறத்தாழ 6000 பவுண்டு கைக்கு வந்தது. அதை வைத்து ஷெஃபீல்டுக்கு அருகே, டார்பிஷயரில் மில்தோர்ப் என்ற சிற்றூரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டினார். காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்றார், செருப்புத் தைத்தார். சோஷலிஸ்ட் கூட்டங்களில் பேசினார். நவீன நாகரிகமே ஒரு நோய் என்று 1889இல் அவர் எழுதிய நூலைத்தான் காந்தி பின்னர் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதும்போது எடுத்துக்காட்டினார்.

இந்த வெளிவாழ்க்கைக்குள் ஒரு துயரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஷெஃபீல்டில் சவரக்கத்தி தீட்டும் தொழிலாளியான ஜார்ஜ் ஹுகின் மீது 1886 வாக்கில் கார்ப்பெண்டருக்கு ஆழ்ந்த காதல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே ஹுகின் ஃபேனி என்ற பெண்ணை மணந்துகொண்டார். நட்பு முறியவில்லை, இருவரிடமும் கடைசிவரை பாசமாக இருந்தார். ஆனால் காயம் பெரியது. நாற்பதைத் தாண்டிய மனிதர், தான் விரும்பும் விதமான துணை இந்த உலகில் தனக்குக் கிடைக்குமா என்ற கேள்வியோடு இருந்தார். அந்த நிலையில்தான் அருணாசலத்தின் அழைப்பை ஏற்று இலங்கைக்குக் கப்பல் ஏறினார்.

அருணாசலம் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கீதையின் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் தாக்கத்தில்தான் தன் முக்கியமான நெடுங்கவிதையைத் தொடங்கினார் என்று கார்ப்பெண்டரே எழுதுகிறார். இப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதி. அங்கே அவர் நண்பரை அழைத்துப்போனது ‘இலக்கணம்’ இராமசாமி என்று அறியப்பட்ட முதியவரிடம். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தில்லைநாத சுவாமியின் சீடர் அவர். ஆங்கிலம் தெரியாது. அவர் தமிழில் பேச, அருணாசலம் மொழிபெயர்க்க, கார்ப்பெண்டர் கேட்டுக்கொண்டிருந்தார். சில வாரங்கள் இப்படிப் போயின. இந்தக் காட்சியில் எனக்கு அருணாசலத்தின் இடம்தான் பெரிதாகத் தெரிகிறது. நீதிமன்ற வேலை முடித்து வந்து, தன் குருவின் சொல்லை நண்பரின் மொழியில் எடுத்துக் கொடுத்தவர். இல்லையென்றால் ‘ஒரு ஞானியைக் காணல்’ என்று 1892 பயண நூலில் வந்த அந்த அத்தியாயங்கள் கிடையாது. 1911இல் அவை தனி நூலாகவும் வந்தன.

ஞானி சொன்னதன் சாரம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. எண்ணத்தை நிறுத்து, எண்ணம் அடங்கிய இடத்திலும் அறிவு இருக்கிறது, அந்த அறிவுக்கு நான், நீ என்ற பிளவு இல்லை. நம் ஊரில் ‘சும்மா இரு’ என்ற இரண்டு சொற்களில் பாட்டி முதல் பண்டாரம் வரை சொல்வது. கார்ப்பெண்டர் இதை மிகக் கவனமாகக் குறித்துக்கொண்டார். எண்ணத்தைக் கருவியாகப் பயன்படுத்திவிட்டுக் கீழே வைக்கத் தெரியாமல் ஐரோப்பியர் அதற்கே அடிமையாகிவிட்டார்கள் என்று எழுதினார். அதே சமயம், ஞானி சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்கவும் இல்லை. குருவின் பழைய வானநூல் நம்பிக்கைகளை மரியாதையோடு தள்ளி வைத்தார்.

என் வாசிப்பில் முக்கியமான இடம் இது: அவர் துறவையும் ஏற்கவில்லை. ஆசை ஒழிந்தால் துயரம் ஒழியும் என்ற முடிவு, ஹுகினை இழந்து வந்த மனிதருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அதை எடுத்துக்கொண்டு சாமியார் ஆகியிருந்தால் இன்று அவரைப் பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் இருந்திருக்காது. அவர் செய்தது வேறு. மனத்தை அடக்கும் பயிற்சியை எடுத்துக்கொண்டார், காதலைக் கைவிட மறுத்தார். நான் என்பது தனித்த ஒன்றில்லை என்றால் இன்னொரு உடலை நேசிப்பது எப்படி அந்த ஞானத்துக்கு எதிராகும் என்பதே அவருடைய பிற்கால எழுத்துகளின் அடியோட்டம். உங்கள் பேரன் பிரித்துவைக்கிற இரண்டு கார்ப்பெண்டர்களும் இந்த இடத்தில் ஒருவர்தான். ஒருவரை வெட்டினால் மற்றவருக்கும் காயம்.

ஊர் திரும்பிய அதே 1891இல்தான் மெரிலைச் சந்தித்தார், ஷெஃபீல்டிலிருந்து போகும் ரயிலில். ஒரு பார்வை, இரண்டொரு வார்த்தை, இறங்கிய பிறகு பின்னாலேயே நடந்து வந்த இளைஞர். ஷெஃபீல்டின் சேரியில் வளர்ந்தவர், இருபதுகளில் இருந்தார், கிடைத்த வேலையையெல்லாம் செய்து பார்த்தவர். மில்தோர்ப் வீட்டில் அப்போது வேறொரு தொழிலாளி குடும்பம் உடன் இருந்தது. அவர்கள் 1898இல் வெளியேறிய பிறகு மெரில் வந்து சேர்ந்தார். தன் உடைமை முழுவதையும் ஒரு கைவண்டியில் ஏற்றி, இரண்டு பையன்கள் தள்ளிக் கொடுக்க, கொட்டும் பனிப்புயலில் குன்றுகளைத் தாண்டி வந்தார் என்று கார்ப்பெண்டர் எழுதுகிறார். ஒரு குடும்பம் தொடங்கும் நாளை எழுதும் தொனி அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1885இல் லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆண்கள் இருவர் தனிமையில் ‘ஒழுக்கக்கேடாக’ நடந்துகொள்வதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. 1895 தொடக்கத்தில் கார்ப்பெண்டர் தன்பாலீர்ப்பைப் பற்றி ஒரு சிறு பிரசுரத்தை மான்செஸ்டரில் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். ஏப்ரலில் நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டு அந்தத் திருத்தத்தின்படி கைதானார். மே 25ஆம் தேதி இரண்டு ஆண்டு கடுங்காவல். இலண்டன் பதிப்பாளர் ஒருவர் கார்ப்பெண்டரின் காதல் பற்றிய புதிய நூலை வெளியிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர், பயந்து பின்வாங்கினார். முன்பு வந்த கவிதை நூலையும் விற்க மறுத்தார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகம்தான் அந்த நூலைக் கொண்டுவந்தது. வைல்டு சிறையிலிருந்து வெளிவந்த மறு ஆண்டு, நாடே கொதித்து அடங்கியிராத நேரத்தில், ஒரு தொழிலாளியை வீட்டுக்கு அழைத்து வாழத் தொடங்குவது என்றால் எத்தனை துணிச்சல்! நண்பர்களே வேண்டாம் என்றார்கள். 1909இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருவரையும் தாக்கித் துண்டுப்பிரசுரம் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார். அவர்கள் இடத்தைவிட்டு அசையவில்லை.

வைல்டுக்கு நேர்ந்தது ஏன் இவருக்கு நேரவில்லை? பல காரணங்கள். வைல்டின் காதலருடைய தந்தை குவீன்ஸ்பெரி பிரபுவைப் போல, பிள்ளையைக் கெடுத்தவன் என்று வெறிகொண்டு துரத்த ஒருவர் இவருக்கு வாய்க்கவில்லை. இலண்டன் நாடக மேடையின் வெளிச்சத்தில் இல்லை, சிற்றூரில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். எழுத்தில் எப்போதும் அன்பு, தோழமை என்ற எல்லைக்குள் நின்றார். வைல்டைப் போல எந்த வழக்கையும் தானாகப் போய்த் தொடுக்கவில்லை. சொந்த வீடும் நிலமும் வருமானமும் இருந்தன, வேலையைவிட்டு நீக்க முதலாளி எவரும் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தை அவரைப் போற்றுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை.

மறுமதிப்பீடு என்றால் என்னைப் பொறுத்தவரை இங்கேதான் தொடங்க வேண்டும். தன்பாலீர்ப்பு இருந்ததா என்பது இனி விவாதமே இல்லை. கேட்க வேண்டியது மெரிலைப் பற்றி. பாலியல் ஆய்வாளர் ஹேவ்லாக் எல்லிஸ் 1897இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வில் பெயர் சொல்லாத வாழ்க்கைக் குறிப்பு ஒன்று கார்ப்பெண்டருடையது. வலிமையான, உடலால் உழைக்கிற, தொழிலாளி வர்க்கத்து ஆணே தன் விருப்பம் என்று அதில் சொல்கிறார். மில்தோர்ப்பில் சமைத்ததும் துடைத்ததும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்ததும் மெரில். எழுதியதும் பேசியதும் பெயர் பெற்றதும் கார்ப்பெண்டர். சமத்துவத்தைப் பற்றி நாற்பது ஆண்டு எழுதிய மனிதரின் வீட்டில் வேலைப் பங்கீடு அன்றைய கணவன் மனைவி வீட்டைப் போலவேதான் இருந்தது. ஊரார் புகார்களிலும் முதலில் அடிபட்டது மெரிலின் பெயர்தான். சேரியில் பிறந்தவன், அடக்கம் இல்லாதவன், குடிக்கிறவன் என்று. கார்ப்பெண்டரின் படித்த நண்பர்கள் சிலருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இது எனக்கு உறுத்துகிறது. வரலாறும் அதையே தொடர்கிறது. கார்ப்பெண்டருக்குப் பெரிய வாழ்க்கை வரலாறுகள் உண்டு, மெரில் அவற்றில் வந்து போகிறவர்.

ஆனாலும் மெரிலை வெறும் வேலைக்காரராகவோ பலியாகவோ பார்க்கவும் முடியவில்லை. கார்ப்பெண்டர் எழுதியிருக்கிற ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஏசு தன் கடைசி இரவை கெத்சமனே தோட்டத்தில் கழித்தார் என்று ஒருவர் சொல்ல, மெரில் உடனே ‘யாரோடு?’ என்று கேட்டாராம். சமயக் கல்வியே இல்லாத மனிதரின் கேள்வி. கேலி செய்யும் எண்ணம் இல்லை. ஒருவர் தன் கடைசி இரவில் தனியாகவா இருப்பார் என்ற கவலை அது. குருப்பட்டம் பெற்றுத் துறந்த கார்ப்பெண்டர் அதைப் பெருமையோடு எழுதி வைத்தார். பாவம் என்ற எண்ணமே ஏறாத மனம் மெரிலுடையது. அதுதான் தன்னை ஈர்த்தது என்கிறார்.

1913இல் அங்கே விருந்தாளியாகப் போன ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரின் பின்புறத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே, மெரில் மெல்லத் தொட்டார். அந்தத் தொடுகை நேராகத் தன் சிந்தனைக்குள் போயிற்று என்று ஃபார்ஸ்டர் பின்னால் எழுதினார். ‘மாரிஸ்’ நாவல் அங்கிருந்துதான் பிறந்தது. படித்தவன் ஒருவனும் வேட்டைக்காட்டுக் காவல்காரன் ஒருவனும் சேர்ந்து வாழ்வதாக முடியும் அந்தக் கதை, ஃபார்ஸ்டர் இறந்த பின் 1971இல்தான் வெளிவர முடிந்தது. ஒரு வரிகூட எழுதாத மெரில் ஆங்கில இலக்கியத்துக்குக் கொடுத்தது இது.

இனி உங்கள் பேரனின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. இலங்கைப் பயண நூலில் கலுவா என்ற சிங்கள நண்பனைப் பற்றியும் வழியில் கண்ட ஆண்களின் உடல் வனப்பைப் பற்றியும் கார்ப்பெண்டர் எழுதும் பகுதிகளில், எசமானர்களின் தேசத்திலிருந்து வந்து ரசிக்கும் கண் தெரிகிறது. 1914இல் எழுதிய நூல் உலகின் பல இனங்களை ‘ஆதிகுடிகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. தன்பாலீர்ப்பாளர்களை நுண்மையான, கலையுள்ளம் கொண்ட, சேவை மனம் படைத்த ஒரு வகையாகக் காட்ட அவர் பட்ட பாட்டில், பெண்தன்மை மிகுந்த ஆண்களைக் கொஞ்சம் ஒதுக்கியும் விட்டார். மதிப்பான வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்ற கவலை. இதையெல்லாம் தம்பி கேட்பது சரி.

ஆனால் குருநாகல் வெறும் மயக்கம் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மயக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும்? அருணாசலம் 1924இல் மதுரையில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, எண்பதைக் கடந்த கார்ப்பெண்டர், ஞானம் பற்றி அருணாசலம் தனக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து, பதிப்பித்து, இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். தன்னைப் பற்றிய நூல் இல்லை அது, நண்பரின் குரலுக்கு இடம் கொடுத்த நூல். அரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு நட்பின் கடைசிக் கடன். தம்பியிடம் அந்த நூலைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் சொல்ல ஒன்று உண்டு. நீங்கள் தேவாரம் ஓதி வளர்ந்தவர் என்று ஊகிக்கிறேன். அப்பர் அடிகள் காதல்கொண்ட பெண்ணின் நிலையில் நின்று, அவன் பெயரைக் கேட்டதும், ஊரைக் கேட்டதும், தன்னை மறந்ததும் பாடுகிறார். அதைப் பாட நமக்குக் கூச்சம் வருவதில்லை. அப்பரையும் கார்ப்பெண்டரையும் ஒன்றாக்க வரவில்லை நான்; இரண்டும் வேறு வேறு. ஆனால் இறைத்தேடலையும் உடலின் ஏக்கத்தையும் ஒரே மொழியில் பேசிய மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்களுக்கு, குருநாகலில் பாடம் கேட்ட மனிதர் மில்தோர்ப்பில் ஒரு ஆணோடு அடுப்பு மூட்டி வாழ்ந்தார் என்பது ஏன் அவருடைய தேடலைக் கறைப்படுத்துவதாகத் தோன்ற வேண்டும்?

நாம் கூசுவதில் பாதி அந்த விக்டோரிய இங்கிலாந்து தந்துவிட்டுப் போனது. வைல்டைச் சிறைக்கு அனுப்பிய 1885 திருத்தத்தின் அதே சொற்றொடரை உங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் அதைத் தன் சட்டத்திலிருந்து நீக்க 2022 ஆயிற்று. இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில்தான் வயதுவந்தோரின் இசைவுள்ள உறவுகளுக்குப் பொருந்தாது என்றது. எழுதிய நாடு 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கிவிட்டது. உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறவர்களில், இந்தச் சட்டத்துக்குப் பயந்து வாழும் பிள்ளைகள் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். அருணாசலத்தின் ஆருயிர் நண்பர் அப்படிப்பட்டவர் என்று அவர்கள் ஒரு பெரியவரின் வாயால் கேட்பது சிறிய விஷயம் இல்லை.

ஆகவே நினைவு நிகழ்வில் சில நிமிடம் கிடைத்தால் இதைச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் நட்பு, கீதை, குருநாகல், இலக்கணம் இராமசாமி. அதோடு அந்த நண்பர் ஜார்ஜ் மெரிலோடு முப்பது ஆண்டு வாழ்ந்தார், 1928 ஜனவரியில் மெரில் இறந்தார், மறு ஆண்டு ஜூனில் கார்ப்பெண்டரும் போனார், கில்ஃபோர்டில் இருவரும் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதையும் சேருங்கள். மெரிலின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், ‘ஒரு நண்பர்’ என்று தாண்டிப் போக வேண்டாம். யாராவது எழுந்து இதெல்லாம் இங்கே எதற்கு என்று கேட்டால், கார்ப்பெண்டரே 1916இல் அச்சிட்டுத் தந்ததைத்தான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அருணாசலத்தின் கடிதங்களுக்குத் திரும்புங்கள். கேள்வி நேரத்தில் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்.